ஹோஸ் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு

போன மாசம் என் கார்ல பைபாஸ் ஹோஸ்னு ஒரு ரப்பர் குழாய் போயிடுச்சு. அப்படி ஒரு ஹோஸ் இருக்கறதே உங்கள்ல பாதி பேருக்குத் தெரிஞ்சிருக்காது, எனக்கும் அது போற வரைக்கும் தெரியாது, அதனால வெக்கப்பட ஒண்ணும் இல்ல. விரல் நீளம்தான் இருக்கும். வாட்டர் பம்புக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கும் நடுவுல, பெல்ட்டுக்குப் பின்னாடி, கை நுழையாத சந்துல ஒளிஞ்சு உக்காந்திருக்கும். தெர்மோஸ்டாட்ங்கறது சூட்டுக்கு ஏத்த மாதிரி திறந்து மூடற வால்வ், அது மூடியிருக்கறப்போ கூலன்ட், அதாவது இஞ்சின ஆற வைக்கற தண்ணிக் கலவை, இஞ்சினுக்குள்ளயே சுத்தி வர்றதுக்கு இந்த ஹோஸ்தான் வழி. அந்தத் துண்டு ரப்பர் என்னை ரெண்டு மணி நேரம் ரோட்டோரத்துல நிக்க வெச்சுது.

இதுல எரிச்சல் என்னன்னா, அதுக்கு ஆறு வாரம் முன்னாடிதான் ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடிச்சு, கூலன்ட் எல்லாம் இறக்கி, புது ஹோஸ் போட்டு, திரும்ப நிரப்பி, காத்தெல்லாம் எடுத்து ஒரு அரை நாள் போச்சு. அப்பவே மெக்கானிக் அண்ணன் தெளிவா கேட்டாரு, "தம்பி, தண்ணிய எப்படியும் இறக்கியாச்சு, மிச்ச ஹோஸையும் சேர்த்து மாத்திடலாமா?" நான்தான் பெரிய அறிவாளி மாதிரி குனிஞ்சு ரெண்டு ஹோஸை நடுவுல அமுக்கிப் பாத்துட்டு, "வேணாம்ணே, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொன்னேன். அவரு மறுபேச்சு பேசல. சரிங்க தம்பின்னு கிளிப்ப முறுக்க ஆரம்பிச்சிட்டாரு.

வண்டிக்கு 17 வயசு, நான் மூணாவது ஓனர், என் கைக்கு வந்து 5 வருஷம் ஆகுது. முன்னாடி வெச்சிருந்தவங்க ரசீது எல்லாம் ஒழுங்கா அடுக்கி வெச்சிருந்தாங்க, ஆயில், டயர், பேட்டரி, பிரேக் பேடு எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, ஹோஸ் மாத்தினதுக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு கூட கிடையாது. அதைப் பாத்ததுமே எனக்கு பொறி தட்டியிருக்கணும். இவ்வளவு கணக்கா இருக்கறவங்க கிட்ட ரசீது இல்லன்னா மாத்தவே இல்லன்னுதானே அர்த்தம்.

முதல் ஹோஸ் ஏன் அந்த வாரம் பாத்து வெடிச்சுதுன்னு பின்னாடி யோசிச்சா அதுக்கும் நான்தான் காரணம். கூலன்ட் லெவல் மெதுவா குறையுதேன்னு ரேடியேட்டர் மூடிய மாத்தினேன். பழைய மூடில ரப்பர் சீல் செத்துப்போய் கல்லு மாதிரி இருந்துச்சு, ஸோ சிஸ்டம் எத்தனை வருஷமோ முழு பிரஷர் பிடிக்காமலே ஓடிட்டு இருந்திருக்கு. புது மூடி 1.1 பார், கிட்டத்தட்ட 16 பிஎஸ்ஐ, அது தன் வேலைய ஒழுங்கா செஞ்சுது. மூணாவது நாள் ஹோஸ் டமார். இது ரொம்ப சகஜமாம், அண்ணன் சிரிச்சுட்டே சொன்னாரு. பழைய வண்டில புது மூடியோ புது வாட்டர் பம்போ போட்டா, இத்தனை நாள் தப்பிச்சுட்டு இருந்த பலவீனமான இடம் எதுவோ அது அடுத்து வெளிய வரும்.

அந்தப் பிரஷர் சும்மா இல்ல. திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்கும், 1 பார் பிரஷர்ல அடைச்சு வெச்சா 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தா இன்னும் கொஞ்சம் மேல போகும். இஞ்சின் வழக்கமா ஓடறதே 90 டிகிரிய ஒட்டித்தான், மேடு ஏறும்போதும் ட்ராஃபிக்ல நிக்கும்போதும் அதுக்கும் மேல. அப்போ நாம பேசற ஹோஸ் என்ன பண்ணிட்டு இருக்குன்னா, கொதிநிலைக்கு பக்கத்துல இருக்கற ஒரு திரவத்த, டயர்ல பாதி அளவு பிரஷரோட, இஞ்சின் ஆடற ஆட்டத்துக்கெல்லாம் வளைஞ்சு குடுத்துட்டு, வருஷக்கணக்கா பிடிச்சு வெச்சுட்டு இருக்கு. தோட்டத்து ஹோஸ் மாதிரிதானேன்னு நான் நெனச்சது எவ்வளவு முட்டாள்தனம்.

ரெண்டாவது தடவை நடந்தது இன்னும் மோசம். பைபாஸ் ஹோஸ்ல முதல்ல ஊசி ஓட்டை மாதிரி ஒண்ணு விழுந்திருக்கு, அதுல இருந்து சன்னமா பீய்ச்சின கூலன்ட் சூடான இஞ்சின் மேல பட்டு ஆவியாப் போயிட்டே இருந்துச்சு, கீழ ஒரு சொட்டு இல்ல, லேசா இனிப்பா ஒரு வாசனை மட்டும் வந்துச்சு. முன்னாடி போற வண்டில இருந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பிச்சுது. ஓரங்கட்டலாம்னு இண்டிகேட்டர் போடறதுக்குள்ள முள் சட்டுனு கீழ இறங்கிடுச்சு. அப்பாடா, தானா சரியாயிடுச்சுன்னு நான் ஓட்டிட்டே போனேன் பாருங்க, அந்த நிமிஷத்த நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

முள் இறங்கினா இஞ்சின் ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்லங்க. அந்த சென்சார் கூலன்ட்ல முங்கி இருந்தாதான் கூலன்டோட சூட்ட சரியா சொல்லும். கூலன்ட் போயி சென்சார சுத்தி வெறும் ஆவியும் காத்தும் மட்டும் இருந்தா அது பாட்டுக்கு ஏதோ ஒரு நம்பர் காட்டும், உள்ள ஹெட், அதாவது இஞ்சினோட மேல் பாகம், வெந்துட்டு இருக்கும். எனக்கு எப்படியோ ஒரு ஞாபகம் வந்து ஹீட்டர ஃபுல்லா திருப்பினேன், ஜில்லுனு காத்து வந்துச்சு. ஓடற சூடான இஞ்சின்ல ஹீட்டர் ஜில்லுனு வந்தா ஹீட்டர் கோருக்கு, அதாவது டேஷ்போர்டுக்கு உள்ள இருக்கற குட்டி ரேடியேட்டருக்கு, வர்றதுக்கு கூலன்டே இல்லன்னு அர்த்தம். உடனே ஆஃப் பண்ணிட்டேன். ஹெட் அலுமினியம், வளைஞ்சிருந்தா அதுக்கு அடில கசியாம அடைச்சு வெக்கற ஹெட் கேஸ்கட்டோட சேர்ந்து பெரிய வேலையாயிருக்கும். பிழைச்சுது. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் கிடையாது.

வண்டிய இழுத்துட்டுப் போய் நிறுத்தினப்போ அண்ணன் என்னைத் திட்டவே இல்ல, திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு. எல்லா ஹோஸையும் கழட்டி கீழ போட்டாரு. அதுல நான் அன்னிக்கு அமுக்கிப் பாத்து நல்லா இருக்குன்னு சர்டிஃபிகேட் குடுத்த ஹீட்டர் ஹோஸ எடுத்து, பிளேடால நீளவாக்குல கிழிச்சு, புத்தகம் மாதிரி விரிச்சு என் கைல குடுத்தாரு.

வெளிய கருப்பா, பளபளன்னு, ஒரு கீறல் இல்ல. உள்ள, நடுப்பகுதி கூட பரவாயில்ல. ஆனா ரெண்டு முனைலயும், கிளிப் உக்கார்ற இடத்துல இருந்து ஒரு ரெண்டு இஞ்ச் தூரத்துக்கு, நீளவாக்குல கோடு கோடா வெடிப்பு. காய்ஞ்ச ஏரித்தரை மாதிரி இருக்கும்னு எதிர்பார்த்தேன், அப்படி இல்ல, யாரோ பிளேடு வெச்சு பொறுமையா இணை இணையா கீறி விட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு கோட்டுல நகத்த விட்டுப் பிரிச்சா உள்ள இருக்கற நூல் தெரியுது. அந்த நூல்தான் ஹோஸோட பலமே. ரப்பர் கசியாம பாத்துக்கும், பிரஷர தாங்கறது நடுவுல பின்னி வெச்சிருக்கற நூல். வெடிப்பு வழியா கூலன்ட் அங்க போயி நூல நனைச்சு நைஞ்சு போக வெச்சுடுச்சுன்னா அப்புறம் வெளித்தோல் மட்டும்தான் மிச்சம்.

ஏன் முனைல மட்டும்னு கேட்டேன், அவருக்கு அனுபவம்தான் தெரியுது, காரணம் நான் வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். இதுக்குப் பேரு எலக்ட்ரோகெமிக்கல் டீகிரடேஷன். ரப்பர்ல கலந்திருக்கற கார்பன் கருப்பு கொஞ்சமா மின்சாரம் கடத்தும், ஒரு பக்கம் உலோகக் குழாய், நடுவுல கூலன்ட், மூணும் சேர்ந்தா ஒரு குட்டி பேட்டரி. அந்த சின்ன மின்னோட்டம் ரப்பரோட உள்சுவர மெதுவா அரிச்சு நுண்ணிய வெடிப்பா ஆக்கும். உலோகம் பக்கத்துல இருக்கற முனைலதான் அது அதிகம், அதுவும் சூடு கூட இருந்தா இன்னும் வேகம். அதனால மேல் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் இதெல்லாம் முன்னாடி போகும், கீழ் ஹோஸ் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஏன்னா அதுல ரேடியேட்டர்ல ஆறின கூலன்ட்தான் ஓடுது. இப்ப வர்ற ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், அதுலயே இந்த அரிப்ப தாங்கற மாதிரி கலவை மாத்தி செஞ்சதும் கிடைக்குது, பாக்கெட்லயே போட்டிருப்பாங்க.

பழைய கூலன்ட்டும் இந்த அரிப்ப நல்லா தூண்டி விடும். கூலன்ட்ல இருக்கற துரு தடுக்கற மருந்து சில வருஷத்துல தீர்ந்துடும், நிறம் அப்படியே இருக்கும், குளிர்ல உறையாத குணமும் அப்படியே இருக்கும், நாமளும் பச்சையாத்தானே இருக்குன்னு விட்டுடுவோம். மல்டிமீட்டர் இருந்தா ஒண்ணு பண்ணிப் பாருங்க, இஞ்சின் ஆஃப்ல நல்லா ஆறினப்புறம் கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பு முனைய ரேடியேட்டர் வாய்ல கூலன்ட்லயும், உலோகத்துல படாம, வெச்சா ஒரு வோல்டேஜ் காட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல போனா கூலன்ட் மாத்தற நேரம்னு ஒரு கைக்கணக்கு உண்டு. எனக்கு 0.5 காட்டுச்சு. அது ஹோஸோட ஆயுள சொல்லாது, ஆனா எந்த மாதிரி தண்ணில அது ஊறிட்டு இருந்துச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

சரி, எப்போ மாத்தறது? ஹோஸ் செய்யறவங்க ரொம்ப நாளா சொல்ற கணக்கு 4 வருஷம். அத நான் 4 வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு எடுத்துக்கல, விக்கறவன் அப்படித்தான் சொல்வான். 4 வருஷம் ஆச்சுன்னா அதுக்கு மேல நம்பாதே, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கைய வெச்சுப் பாருன்னு எடுத்துக்கறேன். 8, 10 வருஷம் ஆன ஹோஸ் எவ்வளவு அழகா இருந்தாலும் எனக்கு வேணாம். எப்போ போட்டதுன்னே தெரியலன்னா, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டில இதுதான் நிலைமை, வாங்கினதும் முதல் கூலன்ட் மாத்தறப்பவே எல்லாத்தையும் மாத்திடணும். கிலோமீட்டர் கம்மி, வண்டி நின்னுட்டே இருந்துச்சுன்னு சொல்றதெல்லாம் இதுல செல்லாது, நிக்கற வண்டிலயும் ஹோஸ் கூலன்ட்ல ஊறிட்டுத்தான் இருக்கு, ரப்பருக்கு வயசு ஏறிட்டுத்தான் இருக்கு.

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் வருவாரு, என் வண்டில 20 வருஷமா கம்பெனி ஹோஸ்தான் இன்னும் ஓடுதுன்னு. உண்மையா இருக்கலாம், நானும் அப்படி வண்டி பாத்திருக்கேன். கம்பெனில இருந்து வர்ற ஹோஸ் பொதுவா நல்ல கனமாத்தான் இருக்கும், சில நேரம் மலிவா வாங்கற புது ஹோஸ விட 10 வருஷப் பழசு மேலா இருக்கும்னு கூட சொல்லுவேன். ஆனா அவரு ஹோஸ் கிழிச்சுப் பாத்ததில்லையே. நானும்தான் 5 வருஷமா அதே ஹோஸ்ல ஓட்டிட்டு இருந்தேன், வெடிக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் என்னோடதும் பிரச்சனையே இல்லாத ஹோஸ்தான்.

கைய வெச்சுப் பாக்கறதுன்னா எப்படின்னு சொல்றேன், நான் அன்னிக்கு பண்ணின மாதிரி நடுவுல ஒரு அமுக்கு அமுக்கிட்டு வர்றது இல்ல. இஞ்சின் முழுசா ஆறியிருக்கணும், காலைல முதல் வேலையா பண்ணுங்க. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வெச்சு கிளிப்புக்குப் பக்கத்துல, ஒரு இஞ்ச் தள்ளி, நல்லா நசுக்குங்க. அப்புறம் நடுவுல அதே மாதிரி. ரெண்டும் ஒரே மாதிரி தோணணும். முனை மட்டும் கொழகொழன்னு இருந்தாலோ, உள்ள பள்ளம் மாதிரி, கோடு மாதிரி விரலுக்குத் தட்டுப்பட்டாலோ அது உள்ள வெடிச்சுடுச்சு. நசுக்கறப்போ மொறுக்குன்னு சருகு மிதிக்கற சத்தம் வந்தா சூட்டுல ரப்பர் காய்ஞ்சு போச்சு. கட்டை மாதிரி அசையவே மாட்டேங்குதுன்னாலும் முடிஞ்சுது கதை. கீழ் ஹோஸ்ல மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, சில வண்டில அது பம்ப் உறிஞ்சறப்போ சப்பிப் போகாம இருக்க உள்ள ஒரு கம்பிச் சுருள் வெச்சிருப்பாங்க, அது விரலுக்கு நெறுநெறுன்னு படும், அதப் பாத்து பயப்படாதீங்க.

கண்ணுக்குத் தெரியற அறிகுறியும் உண்டு, இல்லன்னு சொல்லல. கிளிப்புக்குப் பக்கத்துல பொம்முனு உப்பியிருந்தா அன்னிக்கே மாத்தணும், வீட்டுக்குப் போய் யோசிக்கற சமாச்சாரம் இல்ல அது. ஜாயின்ட்ல வெள்ளையாவோ பச்சையாவோ பொறுக்கு தட்டியிருந்தா அங்க கூலன்ட் கசிஞ்சு காய்ஞ்சிருக்கு. வால்வ் கவர்ல இருந்து ஆயில் ஒழுகி ஹோஸ் மேல சொட்டினா அந்த இடம் ஊறிப்போய் பஞ்சு மாதிரி ஆயிடும், ஈபிடிஎம்முக்கு ஆயில்னா ஜென்மப் பகை, அதனால ஹோஸ மாத்தறதுக்கு முன்னாடி அந்த ஆயில் லீக்க நிறுத்துங்க, இல்லன்னா புதுசும் அதே கதிதான். பெல்ட்டோ பிராக்கெட்டோ உரசற இடத்துல தேய்மானம் இருக்கான்னும் பாருங்க. காலைல மட்டும் ரெண்டு சொட்டு, வண்டி சூடானா லீக் காணாமப் போயிடுதுன்னா அது பெரும்பாலும் கிளிப் பிரச்சனை, ஆறினப்போ எல்லாம் சுருங்குது, தளர்ந்த கிளிப் கூடவே சுருங்க மாட்டேங்குது.

இஞ்சின் ஆறினப்புறம் ஒரு ஹோஸ் சப்பையா ஒட்டிப்போய் கிடந்தா முதல்ல மூடிய சந்தேகப்படுங்க. ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகும், மூடில இருக்கற சின்ன வால்வ் திறந்து ரிசர்வாயர்ல, அதாவது பக்கத்துல இருக்கற உபரி கூலன்ட் டப்பால, இருந்து கூலன்ட உள்ள விடணும், அது ஒட்டிக்கிச்சுன்னா ஹோஸ் சப்பிப்போகும்.

நாங்க ஹீட்டரே போடறதில்லையே, அந்த ஹோஸ் எதுக்கு மாத்தணும்னு கேக்கறவங்க இருக்காங்க. நிறைய வண்டில ஹீட்டர் போட்டாலும் போடாட்டாலும் கூலன்ட் அது வழியா சுத்திட்டேதான் இருக்கும், உள்ள ஒரு மடல்தான் காத்த திருப்பி விடுது. ஹீட்டர் ஹோஸ் வெடிச்சாலும் மொத்த கூலன்ட்டும் வெளியதான், மேல் ஹோஸ் வெடிச்சா எப்படியோ அப்படியே.

மொத்தம் எத்தனை ஹோஸ்னு எண்ணிப் பாத்தா என் வண்டில எட்டு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போக ஒண்ணு வர ஒண்ணு, பைபாஸ், ரிசர்வாயருக்கு ஒண்ணு, அப்புறம் இஞ்சினுக்குள்ள போற காத்த அளவா விடற த்ராட்டில் பாடிக்குப் போற சின்னது ரெண்டு. நம்ம ஆளுங்க ரேடியேட்டர் ஹோஸ் மாத்திட்டேன்னு சொன்னா முதல் ரெண்டத்தான் சொல்றாங்க. டர்போ வண்டின்னா டர்போவுக்கு கூலன்ட் போற ஹோஸ் வேற இருக்கும், அது உக்கார்ற இடத்தோட சூட்டுக்கு அது எல்லாத்துக்கும் முன்னாடி வெந்துடும். டைமிங் பெல்ட்டோ வாட்டர் பம்போ மாத்த இஞ்சினப் பிரிச்சா அங்க உள்ள மறைஞ்சிருக்கற ஹோஸ கண்ண மூடிட்டு மாத்திடுங்க, ஹோஸ் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, அதுகிட்ட போறதுதான் பெரிய விஷயம். தெர்மோஸ்டாட்டும் அப்பவே.

வாங்கறப்போ வளைவு அச்சுல வார்த்த, உங்க வண்டிக்குன்னே செஞ்ச ஹோஸ் வாங்குங்க. நேரான ஹோஸ வளைச்சு மாட்டினா மடிஞ்சு வழி அடைச்சுக்கும், எந்த வண்டிக்கும் பொருந்தும்னு விக்கற நெளி நெளி ஹோஸ் அவசரத்துக்கு ஓகே, நிரந்தரத்துக்கு வேணாம். சிலிகான் ஹோஸ் பத்தி நிறைய பேர் கேப்பாங்க, நீலமா சிவப்பா அழகா இருக்கும். சூடு நல்லா தாங்கும், ஆனா அதுவழியா தண்ணி ஆவியா ரொம்ப மெதுவா வெளிய போகும், ஆயில் பட்டா அதுக்கும் ஆகாது, சாதாரண ஓட்டை போட்ட ஸ்க்ரூ கிளிப் போட்டா அந்த ஓட்டைல ரப்பர் பிதுங்கி அறுந்துடும், அதுக்குன்னு உள்பக்கம் வழுவழுன்னு இருக்கற கிளிப் வேணும். தினம் ஆஃபீஸ் போய் வர்ற வண்டிக்கு எனக்கு அது தேவையாத் தெரியல.

கிளிப்னு சொன்னதும் ஒரு வார்த்தை. கம்பெனில வர்ற ஸ்ப்ரிங் கிளிப்ப பாத்து இது என்ன பொம்மை மாதிரி இருக்குன்னு தூக்கிப் போட்டுட்டு ஸ்க்ரூ கிளிப் மாட்டற பழக்கம் எனக்கும் இருந்துச்சு. ஆனா ஸ்ப்ரிங் கிளிப் சூட்டுல விரியும், ஆறினா கூடவே சுருங்கும், எப்பவும் ஒரே இறுக்கம். ஸ்க்ரூ கிளிப் முறுக்கின இடத்துல நிக்கும், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு முறுக்கி ரப்பர வெட்டி விட்டதும் உண்டு. பழைய ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா அதே மாதிரி புது ஸ்ப்ரிங் போடறது நல்லது. கொரடால அத விரிக்கறப்போ மட்டும் முகத்த தள்ளி வெச்சுக்கங்க, தெறிச்சா பல்லு போயிடும்.

கழட்டறதுதான் இந்த வேலைல பாவம் பண்ற இடம். பழைய ஹோஸ் குழாயோட ஒட்டிப்போயிருக்கும், வரலன்னு முறுக்கி இழுத்தீங்கன்னா ரேடியேட்டர்ல பிளாஸ்டிக் கழுத்து உடையும், ஹீட்டர் கோர் குழாய் தகடு மாதிரி மெல்லிசு, அது வளைஞ்சா டேஷ்போர்டையே கழட்டணும். எப்படியும் தூக்கிப் போடப்போற ஹோஸ்தானே, பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுத்துடுங்க, கீழ இருக்கற குழாய்ல கீறல் விழாம. குழாய் வாய்ல ஒட்டின பொறுக்க சுரண்டி வழவழன்னு ஆக்கிட்டு புதுச மாட்டுங்க. ஏறலன்னா கொஞ்சம் கூலன்ட்டையே தடவிக்கங்க, கிரீஸ் ஆயில் எதுவும் வேணாம்.

இறக்கின கூலன்ட அப்படியே தரைல விட்டுடாதீங்க, அதுல இருக்கற எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் பூனை நக்கிட்டா செத்துடும், கொஞ்சமே போதும். நிரப்பறப்போ காய்ச்சி வடிச்ச தண்ணி, குழாய்த் தண்ணி உப்பு படியும். ஹீட்டர ஃபுல் சூட்டுல வெச்சுட்டு, காத்த வெளிய விடற ப்ளீட் ஸ்க்ரூ இருந்தா திறந்து, முன்பக்கம் கொஞ்சம் மேடா நிறுத்தி மெதுவா ஊத்துங்க. உள்ள காத்து மாட்டிக்கிச்சுன்னா புது ஹோஸ் போட்டும் ஓவர்ஹீட் ஆகும், நான் முதல் தடவை அதுக்கும் பயந்தேன். ஒரு ரவுண்டு ஓட்டி, முழுசா ஆற விட்டு, மறுநாள் காலைல லெவல் பாத்தா பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிடுங்க. ஒரு வாரம் கழிச்சு ஸ்க்ரூ கிளிப் எல்லாத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க.

வழில வெடிச்சா? முதல்ல அரை மணி நேரத்துக்கும் மேல எதையும் தொடாம ஆற விடுங்க, சூட்டுல மூடிய திறந்தா கொதிக்கற தண்ணி முகத்துல அடிக்கும், கூட நிக்கறவங்க என்ன அவசரப்படுத்தினாலும் சரி. கிழிசல் முனைலயே இருந்து ஹோஸ்ல கொஞ்சம் நீளமும் இருந்தா அந்த முனைய வெட்டிட்டு மிச்சத்த இழுத்து மாட்டி கிளிப் போட்டுடலாம். நடுவுலன்னா தன்னோட தானே ஒட்டிக்கற சிலிகான் டேப் இருக்கு, ஈரத்த துடைச்சுட்டு இழுத்து இழுத்து சுத்தணும், கூடவே மூடிய முழுசா இறுக்காம முதல் பிடில விட்டா பிரஷர் ஏறாது. அப்படி மெதுவா, முள்ளயும் பாத்துக்கிட்டு, ஆனா அத நம்பாம, பக்கத்துல இருக்கற ஷெட் வரைக்கும் போகலாம். இப்ப என் டிக்கில ஒரு ரோல் டேப், ஒரு ஸ்க்ரூட்ரைவர், ரெண்டு கிளிப், அஞ்சு லிட்டர் தண்ணி எப்பவும் இருக்கு.

எட்டுல ஏழு மாத்தியாச்சு. த்ராட்டில் பாடிக்குப் போற சின்ன ஹோஸ் ஒண்ணு இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது இஞ்சினுக்கு காத்து போற குழாய்த் தொகுதிக்கு, அடில வளைஞ்சு போகுது, அந்த வளைவுக்கு ஏத்தது கிடைக்கல, ஆர்டர் போட்டிருக்கேன், இன்னும் வரல. அண்ணன் பழசையே தொடைச்சு, முனைய ஒரு அரை இஞ்ச் வெட்டி, புது ஸ்ப்ரிங் கிளிப்போட திரும்ப மாட்டியிருக்காரு, "புதுசு வர்ற வரைக்கும் ராத்திரி வண்டிக்கு அடில ஒரு அட்டைய போட்டு வைங்க தம்பி"ன்னாரு. போட்டு வெச்சிருக்கேன். இன்னிக்கு காலைல குனிஞ்சு பாத்தேன், அட்டை காய்ஞ்சுதான் இருந்துச்சு, இருந்தாலும் விரல வெச்சுத் தொட்டும் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்.